தாழப் பிறந்தவளா?

திபெத்திய பாஷையில் ஆண்மகனைக் குறிக்கும் சொல் 'க்யேபா' என்பது. எழுத்துப்படி அதற்குப் 'பிறந்தவன்' என்று பொருள். பெண்ணைக் குறிக்க வழங்கும் சொற்களில் ஒன்று 'க்யேமென்'. அதற்கு எழுத்துப்படி பொருள் 'தாழ்ந்த பிறப்பு' என்பதாகும். இது கோபத்தில் வாய் தவறி வரும் வசவு அன்று. கடைத்தெருவிலும், கூடாரத்திலும், கல்யாண வீட்டிலும் அன்றாடம் புழங்கும் சாதாரணச் சொல். தாயே தன் மகளைச் சுட்ட இதைச் சொல்லுவாள். சொல்லும்போது அதன் பொருளை நினைப்பதும் இல்லை. நாமுந்தான் தமிழில் பெண்ணைப் 'பேதை' என்கிறோம். அறிவில்லாதவள் என்று நினைத்துக்கொண்டா சொல்லுகிறோம்? பழகிப்போன சொல்லின் பொருளை நின்று கவனிப்பவர் யார்?

அப்படி நின்று கவனித்தவர் ஒருவரைப் பற்றியே இங்கு நம் நேயர்களுக்குச் சொல்லப் புகுகிறோம். பாடகியாகவும் எழுத்தாளராகவும் பெயர் பெற்ற ஸ்ரீமதி ஜாம்யாங் கீ என்பவர் அவர். 1965-ம் வருஷம், திபெத்திய பூமியின் வடகிழக்கு மூலையிலுள்ள அம்தோ என்னும் பிரதேசத்தில் பிறந்தவர். 'ஜாம்யாங்' என்பது ஞானத்துக்கு அதிதேவதையான மஞ்சுகோஷனுடைய பெயர். 'கீ' என்றால் சுகம். ஞானமும் சுகமும் சேர்ந்த இந்தப் பெயரை வைத்தவர்கள், அந்த ஞானம் எவ்வளவு துக்கத்தில் கொண்டுபோய் விடும் என்பதை எண்ணியிருக்கமாட்டார்கள்.

அம்தோவின் பெரும்பகுதி இன்று சீன அரசாங்கத்தின் சிங்ஹாய் மாகாணத்தில் அடங்கியிருக்கிறது. மாகாணத் தலைநகர் ஷினிங். 2006-ம் வருஷம் லாஸா வரையில் ரயில் விட்டார்களே, அந்த ரயில் மலையேறத் தொடங்குவது இந்த ஊரிலிருந்துதான். ஊரைத் தாண்டிவிட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. உழவு நடக்கும் பள்ளத்தாக்குகளும் இல்லாமல் இல்லை. ஆனாலும் அம்தோ என்றவுடன் திபெத்தியர் மனத்தில் தோன்றுவது குதிரைமேல் போகும் இடையனும் கறுப்புக் கூடாரமுமே.

அந்தக் கூடாரத்துக்குள் சற்று எட்டிப் பார்ப்போம். யாக் எருமையின் மயிரை நூற்று நெய்த கூடாரம் அது. நூற்றவள் பெண். நெய்தவளும் அவளே. நடுவில் அடுப்பு, அடுப்புக்கு ஒரு பக்கம் ஆண்களுடையது, மறு பக்கம் பெண்களுடையது. வேலை நடப்பதெல்லாம் பெண்களின் பக்கத்தில். விடிவதற்கு முன்பே எழுந்து அடுப்பு மூட்டுகிறவள் வீட்டுப் பெண். பிறகு பால் கறக்கப் போகிறாள். யாக் என்பது கடாவுக்கு மட்டுமே உரிய பெயர் என்பதையும், பால் தரும் பெண் மிருகத்துக்கு 'த்ரி' என்று பெயர் என்பதையும் நேயர்கள் நினைவில் வைப்பது நல்லது. யாக் பால் என்று நாம் சொன்னால் திபெத்தியர் சிரிப்பர். கன்றை அவிழ்த்துச் சிறிது ஊட்டவிட்டு, மறுபடி இழுத்துக் கட்டி, பனி உறைந்த தரையில் குந்தியபடி ஒவ்வொன்றாகக் கறக்கவேண்டும். கறந்த பாலைக் கடைந்து வெண்ணெய் எடுப்பதும், மோரைக் காய்ச்சித் திரித்துப் பாலாடைக் கட்டியாக உலர்த்துவதும் அவள் பொறுப்பு. தண்ணீர்த் தொட்டியை முதுகில் சுமந்து ஓடையிலிருந்து கொண்டுவருகிறாள். மரமில்லாத மேட்டு நிலமாதலால் சாணமே விறகு. அதைப் பொறுக்கி வெறுங்கையால் புல்வெளியில் பரப்பி உலர்த்துகிறாள். குழந்தை முதுகிலோ மடியிலோ இருக்கும்.

ஆண்மக்கள் சோம்பேறிகள் என்று நாம் சொல்ல வரவில்லை. மந்தையை ஓநாயிடமிருந்து காப்பது, தூரதேசம் சென்று வியாபாரம் செய்வது, பக்கத்துக் கூட்டத்தாரோடு மேய்ச்சல் நிலத்துக்காகப் பேசுவது, வேண்டினால் போர் புரிவது ஆகிய யாவும் அவர்களுடையவை. ஆனால் இவ்வேலைகளுக்கு நடுவே ஓய்வு உண்டு. அவளுடைய வேலைக்கு நடுவே ஓய்வு இல்லை. இத்தனையும் செய்து முடித்தவள், மலைத் தெய்வத்துக்குக் கொடி நடும் மேட்டுக்கு ஏறிப்போகக் கூடாது. காவல் தெய்வத்தின் சந்நிதி அறைகள் பலவற்றுள் அவள் நுழையக் கூடாது.

இடுப்பில் தொங்கும் ஓர் ஆபரணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பால் கறக்கும்போது பாற்செம்பை மாட்டிக்கொள்வதற்கான கொக்கி அது. வசதியுள்ள வீடுகளில் வெள்ளியால் செய்து பூவேலையும் செய்திருப்பார்கள். வேலைக்காக ஏற்பட்ட கருவியே பெண்ணுக்கு அணிகலனாகவும் ஆகிவிட்டது. 2005-ம் வருஷம், திபெத்தியப் பெண்களின் கவிதைகளை மாத்திரம் தொகுத்து ஒரு நூல் வெளிவந்தபோது, அதற்கு இந்தக் கொக்கியின் பெயரையே இட்டார்கள். மிகப் பொருத்தமான பெயர் என்பது நம் அபிப்பிராயம்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். திபெத்தியப் பெண்கள் ஆசியாவிலேயே மிக்க சுதந்திரமுடையவர்கள் என்று யாத்திரிகர்கள் பலர் எழுதிவைத்திருக்கிறார்களே, அது பொய்யா? பொய்யன்று. அவர்களுக்குக் கோஷா இல்லை. சதி இல்லை. விதவை மறுமணம் செய்துகொள்ளத் தடை இல்லை. சந்தையில் ஆணுக்குச் சமமாக உட்கார்ந்து விலை பேசுவார்கள், வாய்விட்டுச் சிரிப்பார்கள். தென்னாட்டிலும் வடநாட்டிலும் நம் பாட்டிமார் பட்ட பாட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் யாத்திரிகர் வியந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் யாத்திரிகர் கண்டது சந்தையை. விடியுமுன் பால் கறக்கும் இடத்தை அவர் கண்டாரோ, என்னவோ!

யாத்திரிகரை விட்டுவிடுவோம். அரசியல்வாதிகள் இரு சாரார் இருக்கிறார்கள். 'பழைய திபெத்தில் பெண் அடிமையாயிருந்தாள். எங்கள் ஆட்சி வந்து விடுவித்தது' என்று சீன அரசாங்கம் சொல்லுகிறது. 1950-ம் வருஷத்திலேயே கட்டாயக் கல்யாணத்தையும் பலதார மணத்தையும் விலக்கிச் சட்டம் செய்த அரசாங்கம் அது. சட்டம் என்னவோ நல்ல சட்டந்தான். 'எங்கள் தேசத்தில் பெண் என்றுமே சமமாக இருந்தாள். பிறர் வந்து விடுவிக்க வேண்டியதில்லை' என்று திபெத்தியருள் பலர் மறுமொழி கூறுகின்றனர். இரண்டு கட்சியும் பெண்ணைச் சாட்சிக் கூண்டில் நிறுத்திவிட்டுத் தாங்களே அவளுக்காகப் பேசின. அவளுடைய வாக்குமூலத்தை அவள் வாயாலேயே கேட்டவர் இல்லை. ஜாம்யாங் கீ செய்த காரியம், அந்த வாக்குமூலத்தை எழுதியது.

எழுதுவது என்பது அங்கு எளிய காரியமா? திபெத்தின் கல்வி பெரும்பாலும் பல நூற்றாண்டுகளாக மடாலயங்களில் இருந்தது. கவிதை இலக்கணத்தைக் கூட அவர்கள் கற்றது ஒரு வடமொழி நூலின் வழியாகத்தான். அந்த நூல், காஞ்சியில் பல்லவர் காலத்தில் வாழ்ந்தவராகக் கருதப்படும் தண்டியாசிரியரின் 'காவ்யாதர்சம்'. தமிழில் அதைத் தழுவித் தண்டியலங்காரம் எழுந்தது. 13-ம் நூற்றாண்டில் அதே நூல் திபெத்திய மொழியில் பெயர்க்கப்பட்டது. காஞ்சிபுரத்து அணியிலக்கணத்தைப் பனிமலைக்கு அப்பால் பிக்ஷுக்கள் உருப்போட்டார்கள் என்பதை நினைக்கையில் நமக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் உருப்போட்டவர்கள் பிக்ஷுக்களே. பிக்ஷுணிகளுக்குப் பெரும்பாலும் பிரார்த்தனையை ஓதும் அளவுக்கே எழுத்து. இல்லறத்துப் பெண்ணுக்கு அதுவும் அரிது.

நேபாளத்துத் தோல்போ என்னும் மலைநாட்டில் ஓர்க்யான் சோக்யி என்று ஒரு தபஸ்வினி இருந்தாள். 1675-ல் பிறந்து 1729-ல் மறைந்தவள். சிறு வயதில் ஆடு மேய்த்தவள். தன் வரலாற்றை எழுதித் தரும்படி குருவிடம் வேண்டினாள். பெண்பிறவியான உனக்கு வரலாறு எதற்கு என்னும் பொருள்பட அவர் மறுத்துவிட்டார். அவளே எழுதினாள். யோகினி தேவதைகள் தனக்கு எழுத்தறிவு தந்தார்கள் என்று காரணமும் சொன்னாள். மனிதர் தராததைத் தேவதைகள்தாமே தரவேண்டும்? மற்றொருத்தி ஸேரா காந்த்ரோ. 1892-ல் லாஸாவில் செல்வக் குடியில் பிறந்தவள். தகப்பனார் ஏற்பாடு செய்த கல்யாணத்திலிருந்து தப்பி, யாத்திரிகர் கூட்டத்தோடு கால்நடையாகவே அம்தோவின் கோலோக் நாட்டை அடைந்தாள். 1940-ல் மறைவதற்குள் நானூறு ஏடுகளுக்கு மேல் தன் சரிதையை எழுதி வைத்தாள். சமாதியும் தரிசனமும் நிறைந்த அந்நூலில், பெண்ணுடலோடு பிறந்துவிட்டேனே என்ற ஏக்கமும் பல இடங்களில் ஒலிக்கிறது. 'தாழ்ந்த பிறப்பு' என்ற சொல் ஞானிகளையும் விடவில்லை.

ஜாம்யாங் கீ வளர்ந்து வந்த காலத்தில் ஒரு கதவு திறந்தது. கலாசாரப் புரட்சி என்ற பெயரில் மடாலயங்களும் நூல்களும் அழிக்கப்பட்ட கொடுங்காலம் ஓய்ந்து, திபெத்திய எழுத்து மறுபடி மூச்சுவிடத் தொடங்கியிருந்தது. ஷினிங் நகரிலிருந்தே 1981-ல் 'த்ராங்சார்' என்னும் இலக்கியப் பத்திரிகை புறப்பட்டது. அதில் 1983-ல் தோன்துப் ஜ்யால் என்னும் இளைஞர் 'இளமையின் அருவி' என்று ஒரு கவிதை வெளியிட்டார். தண்டியின் அணிகளையும் அசைக் கட்டுப்பாட்டையும் தள்ளிவிட்டு வந்த வசன கவிதை அது. அந்த இளைஞர் 1985-ல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டது வேறு துக்கக் கதை. ஆனால் அவர் திறந்த வழியில் பெண்களும் வரலாயினர். மடாலயப் பாடம் கேளாதவரும் கவிதையும் கட்டுரையும் எழுதலாம் என்று ஏற்பட்டது பெண்களுக்கு எவ்வளவு பெரிய வரம்!

ஜாம்யாங் கீ முதலில் பேர் பெற்றது பாட்டினால். அம்தோவில் ஸங்கீதம் வாழ்வோடு ஒட்டியது. ஆனால் அங்கே பாட்டுக்கும் வரம்பு உண்டு. காதற்பாட்டைப் புல்வெளியில் பாடலாம்; அண்ணன் தம்பிமார் காதுபடப் பாடுவது பெரும் வெட்கக்கேடு. 1980-களில் மாண்டலினை மீட்டிக்கொண்டு பாடும் புதுவகைப் பாட்டு அம்தோவில் பரவி, ஒலிநாடாக்கள் கூடாரந்தோறும் சென்றன. அந்தப் புது ஸங்கீத உலகில் நின்று, தாமே பாட்டுக் கட்டியும் பாடியும் ஜாம்யாங் கீ ஜனங்களின் அன்பைப் பெற்றார். சிங்ஹாய் டெலிவிஷன் நிலையத்தின் திபெத்திய மொழிப் பகுதியில் ஏறக்குறைய இருபது வருஷம் உத்தியோகம் பார்த்தார். 2006-ல் அமெரிக்காவுக்குச் சென்று அங்குள்ள திபெத்தியரிடையே பாடினார். கணவர் பத்திரிகைத் தொழிலில் இருந்தவர், குழந்தைகளும் உண்டு. மாதச் சம்பளம், நகரத்தில் வீடு, நாடறிந்த குரல். இதோடு நின்றிருந்தால் கவலையில்லாத ஜீவனம்.

அவர் நிற்கவில்லை. திபெத்திய மொழியிலேயே, திபெத்தியருக்காகவே, இன்டர்நெட் பக்கத்தில் கட்டுரைகள் எழுதத் தொடங்கினார். கட்டுரைகள் பின்னர் புத்தகமாகவும் வந்தன. எதைப் பற்றி எழுதினார்? மகளைக் கேளாமல் மகளுக்குக் கல்யாணம் நிச்சயிப்பதைப் பற்றி. மகன் பள்ளிக்கூடம் போக மகள் மந்தையோடு போவதைப் பற்றி. ஏமாற்றி விற்கப்படும் பெண்களைப் பற்றி. படித்து உத்தியோகம் பார்க்கும் பெண்ணும் வீடு திரும்பியவுடன் அடுப்படியில் பழைய ஊழியத்தையே செய்வதைப் பற்றி. சீனருக்குத் திபெத்தை விளக்கவேண்டும் என்றோ, வெள்ளைக்காரருக்குத் திபெத்தை அலங்கரித்துக் காட்டவேண்டும் என்றோ அவர் எழுதவில்லை. தம் வீட்டாருடன் தம் வீட்டு மொழியில் பேசினார். ஆகையினாலேயே அது சுட்டது.

சுட்டவர்களுடைய விடையையும் கேட்கவேண்டும். அதை அற்பமென்று நாம் தள்ளுவதற்கில்லை. 'நம் மொழியே அழியும் ஆபத்தில் இருக்கிறது. மேய்ச்சல் நிலம் போகிறது. அந்நியர் கண்ணெல்லாம் நம்மீது இருக்கிறது. இந்த வேளையில் நம் ஆண்களின் குறையை நாமே எடுத்துப் பேசலாமா? முதலில் இனம் பிழைக்கட்டும். பிறகு பெண்ணின் நியாயத்தைப் பார்ப்போம்.' இப்படி வாதிப்பவர் தேசத் துரோகிகளும் அல்லர், கொடியவர்களும் அல்லர். அடிமைப்பட்ட தேசங்கள் எல்லாவற்றிலும் கேட்ட வாதமே இது. நம் தேசத்திலும், சுயராஜ்யம் வந்த பிறகு சீர்திருத்தம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்ன பெரியவர்கள் எத்தனை பேர்!

ஆனால் ஒன்று கேட்கிறோம். 1959-ம் வருஷம் மார்ச் மாதம் 12-ந் தேதி, லாஸாவில் போதலா மாளிகையின் அடிவாரத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் கூடித் தங்கள் தேசத்தின் சுதந்திரத்தைக் கோரினார்களே, அப்போது அவர்களைப் பார்த்து, 'நீங்கள் தாழப் பிறந்தவர்கள், வீட்டுக்குப் போங்கள்' என்று யாராவது சொன்னதாகத் தெரியவில்லை. துப்பாக்கிக்கு முன்னால் போகிற அன்றைக்குப் பெண் சமம்; நியாயம் கேட்கிற அன்றைக்கு மட்டும் தருணம் அன்று என்றால், இது எந்தக் கணக்கு? பெண்களை நீக்கிவிட்டு எண்ணினால் பிழைக்கப்போகிற இனம் பாதி இனந்தான். குழந்தைக்குத் தாய்மொழியைச் சொல்லிக்கொடுக்கிறவள் யார் என்பதையும் அந்தப் பெரியவர்கள் யோசிப்பது நலம்.

இனி 2008-ம் வருஷத்துக்கு வருவோம். அவ்வருஷம் மார்ச் 10-ந் தேதி லாஸாவில் பிக்ஷுக்கள் கிளர்ச்சி தொடங்கினர். 14-ந் தேதி கலகம் மூண்டது. சில நாட்களுக்குள் அம்தோவிலும் காம் பிரதேசத்திலும் ஊர் ஊராகக் கிளர்ச்சி பரவிற்று. ஆகஸ்டில் பெய்ஜிங்கில் ஒலிம்பிக் பந்தயம் நடத்தச் சீன அரசாங்கம் ஆயத்தம் செய்துகொண்டிருந்த சமயம் அது. கைது செய்யப்பட்டவர்கள் ஏராளம். பிக்ஷுக்கள் மட்டுமல்ல, பாடகர்களும் எழுத்தாளர்களும்.

ஏப்ரல் மாதம் 1-ந் தேதி, சாதாரண உடுப்பணிந்த போலீஸார் ஷினிங் டெலிவிஷன் அலுவலகத்துக்கு வந்து ஜாம்யாங் கீயை அழைத்துக்கொண்டு போனார்கள். வீடு சோதனையிடப்பட்டது. கம்ப்யூட்டரும் விலாசக் குறிப்புகளும் எடுத்துச் செல்லப்பட்டன. பெண்ணை விடுவித்தவர்கள் தாங்களே என்று சொல்லிக்கொள்ளும் ஓர் அரசாங்கம், பெண் விடுதலை பேசிய திபெத்திய மாதைச் சிறை வைத்த விந்தையை நேயர்கள் கவனிக்கவேண்டும். தம் சமூகத்தின் பழங்கட்டுகளை எதிர்த்து எழுதியவர் அவர். அந்த எழுத்தினால் அரசாங்கத்தாருடைய பிரசாரத்துக்கே ஒருவேளை உதவி கிடைத்திருக்கலாம்! ஆனால் தானாக யோசிக்கிற பெண் என்பவள் எந்தப் பிரசாரத்துக்கும் உதவமாட்டாள். இது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஒன்றரை மாதத்துக்கு மேல் காவலில் இருந்தார். மே மாதம் 20-ந் தேதியளவில் ஜாமீனில் வெளிவந்தார். அந்நிய நாட்டுப் பத்திரிகைகளில் அவர் பெயர் அடிபட்டதும் விடுதலைக்கு ஒரு காரணமாக இருக்கலாம். இப்படி வெளிவந்தவர்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அதில் குற்றமும் இல்லை, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களே. ஜாம்யாங் கீயோ அவ்வருஷத்திலேயே விசாரணை நாட்களைப் பற்றி எழுதினார். அந்த எழுத்தில் வீராவேசம் இல்லை. இந்த விசாரணையைக் காட்டிலும் ஒரே குண்டில் போய்விட்டால் தேவலை என்று தோன்றிய கணத்தை மறைக்காமல் சொல்லுகிறார். தமக்கு வந்த பயத்தையும், தம்மால் பிறருக்கு என்ன நேருமோ என்ற கலக்கத்தையும் சொல்லுகிறார். சிறைக் குறிப்புகள் எத்தனையோ நாம் வாசித்திருக்கிறோம். தலைவர்கள் எழுதியவை, தியாகிகள் எழுதியவை. தாம் நடுங்கினதை இவ்வளவு நேராகச் சொல்லும் குறிப்புகள் அவற்றில் குறைவு. அஞ்சாதவர் என்று பெயரெடுக்க விரும்பாதவருடைய தைரியம் தனி வகை.

அவர் தனியாக நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். 'தாழப் பிறந்தவர்'களுக்கு அடைபட்டிருந்த கல்விக் கதவுகள் வேறு திசைகளிலும் மெல்லத் திறந்து வருகின்றன. கிழக்குத் திபெத்தில் லாருங் கார் என்னும் பெரிய பௌத்த வித்யாஸ்தானத்தில் வாழும் பிக்ஷுணிகள், பல நூற்றாண்டுகளில் பெண்கள் எழுதியவற்றையும் பெண்களைப் பற்றி எழுதப்பட்டவற்றையும் தேடித் திரட்டி, 2017-ல் 53 தொகுதிகளாக வெளியிட்டார்கள். அந்தச் சமயத்திலேயே அதே இடத்தில் ஆயிரக்கணக்கான குடில்கள் அதிகாரிகளால் இடிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. இடிபாட்டுத் தூசிக்கு நடுவே அவர்கள் பிழை திருத்திக்கொண்டிருந்தார்கள். இந்தியாவில் தஞ்சம் புகுந்த திபெத்தியரிடையேயும், மடாலயப் படிப்பின் உச்சப் பட்டமாகிய 'கெஷே' பட்டம் ஆண்களுக்கே உரியதாக இருந்தது. அதைப் பெண்களுக்கும் வழங்குவதென்று 2012-ல் தீர்மானமாயிற்று. நான்கு வருஷப் பரீக்ஷைகளுக்குப் பிறகு, 2016 டிசம்பரில், கர்நாடகத்திலுள்ள முண்ட்கோட் குடியேற்றத்தில் தலாய் லாமாவின் கையால் 20 பிக்ஷுணிகள் அப்பட்டத்தைப் பெற்றார்கள். பெண் பெறும் பட்டத்துக்குக் 'கெஷேமா' என்று பெயர். இந்தச் சொல்லில் 'தாழ்ந்த' என்ற பொருள்படும் எழுத்து எதுவும் இல்லை.